பிணத்துக்கும் ஓர் ஊசி

"பாடியைக் காட்டுங்க!"

ஜெயிலர் கையிலிருந்த டீ கப் பாதி வழியில் நின்றது.

"என்னது?"

"செத்துட்டார்னு சொல்றீங்கல்ல... அந்தப் பாடியை நான் பாக்கணும்."

அறையில் மின்விசிறி ஒன்றுதான் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

ஜெயிலில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நாற்காலி கேட்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்கலாம். 'உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கறான் சார்?' என்று பல்லைக் காட்டலாம். பாடியைக் காட்டு என்று மட்டும் கேட்கவே கூடாது! வேலையில் சேர்ந்த முதல் நாளே சுகாதாரத் துறை டைரக்டர் மேடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

"ஜெயில்னா ஆயிரம் இருக்கும். யாராவது செத்தா 'அடடா'ன்னு சொல்லிட்டு வந்துடு. பாக்கணும்னு நிக்காதே. புரிஞ்சுதா?"

அன்றைக்குப் புரிந்தது. இன்றைக்குப் புரியவில்லை... காரணம், கொன்றதே அவள்தான் என்று ஜெயிலர் சொல்லிக்கொண்டிருந்தார்!

அவளுக்கு ஜெயிலுக்குள் ஒரே பெயர்தான். ஊசி. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் ஊசி மேடம். ஆயுள் தண்டனைக்காரர்கள் பாசமாக ஊசிம்மா. சுகாதாரத் துறையில் தடுப்பூசி போடுகிற உத்தியோகம். குடும்பத்தில் யாரும் தொடாத டிகிரியைத் தொட்டவள். தொட்ட நாளிலிருந்து கோபத்தையும் சேர்த்தே தொட்டுக்கொண்டிருப்பவள்.

வாசலில் மருந்துக்கென்று நீளமாக ஒரு குளிர் வண்டி. பக்கத்தில் பிரம்மாண்டமாக ஒரு பேனர். 'கம்பிக்குள்ளும் ஆரோக்கியம்! ஒருவரும் விடுபடக் கூடாது!' சுகாதாரத் துறை, சிறைத் துறை, அப்புறம் ஒரு டிரஸ்ட். மூன்று பேரும் கைகோத்து நடத்தும் கூட்டுத் திட்டமாம். ஒரே பிளேடில் பத்து பேர் முகம் மழித்துக்கொள்கிற இடத்தில், ஈரலைத் தின்கிற மஞ்சள் காமாலை பரவாமல் இருக்கத் தடுப்பூசி. மொத்தம் மூன்று டோஸ். இன்று காலை முதல் டோஸ்.

முதல் டோஸ் அன்றே முதல் பிணம்!

"ஏம்மா, நீ ஊசி போட்டே. சேர்மன் செத்தாரு. நடுவுல உனக்கு என்ன சந்தேகம்?" ஜெயிலர் டீயை உறிஞ்சினார்.

"காலைல அவர் டீ கூடத்தான் குடிச்சிருப்பாரு. டீ போட்டவரைப் பிடிச்சீங்களா?"

"வாய் ஜாஸ்திம்மா உனக்கு."

"ஊசி போட்ட எல்லாரையும் அரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுத்தான் சார் அனுப்பினேன். அலர்ஜின்னா அந்த பெஞ்சுலயே மூச்சு திணறியிருக்கும். மாத்து மருந்து என் பெட்டியிலயே இருக்கு. ஒருத்தர் கூட தும்மலை."

"செல்லுக்குப் போய் செத்துட்டாரு. பெரிய மனுஷர், பொது இடத்துல சாகக் கூச்சப்பட்டிருப்பாரு."

"அவர் என் வரிசைக்கு வந்தாரா?"

"வந்தாரு. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்தாரு. நீ முகத்தைப் பாத்திருக்க மாட்டே."

சுருக்கென்றது அவளுக்கு.

உண்மை. அவள் முகங்களைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து பார்த்ததெல்லாம் கைகள்தான். பச்சை குத்திய கை, தழும்பு விழுந்த கை, எலும்பும் தோலுமான கை. அதில் ஒன்று சேர்மனின் கையா? உண்மையிலேயே நான்தான்...?

சேர்மன் என்றால் அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. அடுக்குமாடி கட்டுகிற கம்பெனியின் முதலாளி. சிமென்டில் மிச்சம் பிடித்தார். ஒரு விடியற்காலையில் மொத்தக் கட்டடமும் படுத்துக்கொண்டது, உள்ளே படுத்திருந்தவர்களோடு. அதற்காகத்தான் இங்கே இருக்கிறார்... இருந்தார். கட்டில், மெத்தை, செய்தித்தாள் சகிதம்.

ஜெயிலர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"'அலர்ஜி இருக்கான்னு கேக்காம அவசரத்துல போட்டுட்டேன்'. அவ்வளவுதான். கையெழுத்தைப் போடு. கொஞ்ச நாள் சஸ்பென்ஷன். அப்புறம் ஊரே மறந்துடும்."

"ஊர் மறக்கும். இங்க இருக்கறவங்க மறப்பாங்களா? இனிமே எந்த ஜெயில்லயாவது எவனாவது ஊசிக்குக் கையை நீட்டுவானா?"

"அவனுங்க ஈரல் எனக்கெதுக்கும்மா?"

"பாடியைப் பாக்காம போட மாட்டேன். என்ன வேணா பண்ணிக்குங்க."

ஜெயிலர் பல்லைக் கடித்தார். கையெழுத்து இல்லாவிட்டால் சாவுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் போய்விடும். ஜெயிலுக்குள் சொந்தக்காரர் இல்லாத சாவு கடைசியில் ஜெயிலர் மடியில்தான் வந்து உட்காரும்.

"சரி, வந்து தொலை. தூரத்துல நின்னு பாக்கணும். தொடக் கூடாது!"

மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

முற்றத்தைக் கடக்கும்போதே தெரிந்துவிட்டது. காலையில் பாம்பு மாதிரி நீண்டிருந்த வரிசை இப்போது சிதறிக் கிடந்தது. மடித்துவிட்ட சட்டைக் கைகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. அவளைப் பார்த்ததும் ஒருவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். நாலு கொலை செய்தவன்!

வரிசையை ஒழுங்கு பண்ணுகிற ஆயுள் கைதி ஓடி வந்தார். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன்.

"ஊசிம்மா, பசங்க பயந்துட்டானுங்க. 'தூக்குக்கு வழியில்லன்னு ஊசில ஆரம்பிச்சுட்டாங்க'ங்கறானுங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க பெரியண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் காலைலயே போட்டுக்கிட்டேன். இன்னும் சாகலை. அதுக்கு மேல நமக்கு என்னம்மா தெரியும்?"

"இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

"எங்கம்மா போறது?" என்றார் பெரியண்ணன், சுற்றுச் சுவரைப் பார்த்தபடி.

*

சிறை ஆஸ்பத்திரியில் ஓர் அறை. கம்பி போட்ட பெரிய ஜன்னல். அதைப் போர்வை போட்டு மறைத்திருந்தார்கள். நடுவில் இரும்புக் கட்டில். கட்டிலில் வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே செல்வச் செழிப்பான ஒரு தொப்பை.

பக்கத்தில் ஜெயில் டாக்டர். நோயாளி உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் பக்கத்தில் நிற்காதவர், பிணத்துக்குக் காவல் நின்றார்!

"முகத்தைக் காட்டுங்க டாக்டர்."

துணி மூக்கு வரை இறங்கியது. சேர்மன்தான். முகமெல்லாம் வெள்ளை வெளேர்.

"போதுமா? கிளம்பு," என்றார் ஜெயிலர்.

அவள் முகத்தோடு நிறுத்தவில்லை. பழக்க தோஷம்... கையைத்தான் பார்த்தாள்.

துணிக்கு வெளியே ஓர் இடது கை. கட்டை விரல் நகத்தில் ஊதா மை.

அவளுக்கு மூச்சே திரும்பி வந்தது.

"டாக்டர், அந்த மை என்ன?"

"உனக்குத் தெரியாதா? ஊசி போட்டதும் நீதானே அடையாளம் வெக்கறே?"

"வெக்கறேன். சுண்டு விரல்ல."



"தடுப்பூசிக்காரங்க எங்க போனாலும் இடது கை சுண்டு விரல் நகம்தான். ஒருத்தருக்கே ரெண்டு தடவை போட்டுடக் கூடாதுல்ல? முற்றத்துல நிக்கறவங்க கையைப் பாருங்க. எல்லாம் சுண்டு விரல். இவருக்கு மட்டும் கட்டை விரலா?"

பாவம், ஜெயில்காரர்கள்! கைதி வந்தாலும் கட்டை விரல், போனாலும் கட்டை விரல், சோப்பு வாங்கினாலும் கட்டை விரல். மை என்றதும் கை தானாக எந்த விரலைத் தேடும்?

"மாத்தி... மாத்தி வெச்சிருப்பே," டாக்டருக்கு நாக்கு குழறியது.

"இவர் என் வரிசைக்கே வரலை. என் ஊசி இவர் மேல படவே இல்லை. அப்ப இவர் எப்படி..."

சொல்லிக்கொண்டே குனிந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

சேர்மனின் நெற்றியில், பவுடரைப் பிளந்துகொண்டு, முத்து முத்தாக...

செத்தவருக்கு வியர்த்திருந்தது!

அவள் நிமிர்ந்தாள். கத்தவில்லை. தோளிலிருந்த பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தாள். ஜில்லென்று ஒரு மருந்து பாட்டில். புது ஊசி.

"ஏய், என்ன பண்றே?" ஜெயிலர் பதறினார்.

"விட்டுப்போச்சு சார். போட்டுடறேன்."

"செத்த ஆளுக்கா?"

"வாசல் பேனர்ல என்ன எழுதியிருக்கு? 'ஒருவரும் விடுபடக் கூடாது'. உயிரோட இருக்கறவங்க மட்டும்னு எங்கயும் போடலையே!"

"பைத்தியமா நீ? டாக்டர், தடுங்கய்யா!"

டாக்டர் தடுக்க வந்தார். அவள் ஊசியை அவர் பக்கம் திருப்பினாள். டாக்டர் தடுக்க வந்த வேகத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் பிணத்தின் காதருகே குனிந்தாள். ஜெயிலில் இருக்கிறவனால் எதற்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனாலேயே ஊசிக்கு முன் ஒவ்வொருவரிடமும் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொரு தடவை கேட்டாள்.

"ஐயா, இது மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி. கொஞ்சம் வலிக்கும். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

பதில் இல்லை.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கையில் வைத்தாள். கை முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது!

"சொல்லலையா? சரி..."

ஊசி மூடியைக் கழற்றினாள். டக்!

"வே... வேண்டாம்!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"வேண்டாம்! ஊசின்னா எனக்கு ஆகாது! டாக்டர், இந்தப் பொண்ணை வெளிய போகச் சொல்லுங்க!"

ஜெயிலர் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"யோவ் டாக்டர்! மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சேன்னு சொன்னியே!"

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். மாட்டேன்னுட்டார். மூச்சை அடக்கிக்கிட்டு நானே சமாளிச்சுடறேன்னார்."

"அதுவும் ஊசிதானேய்யா!" சேர்மன் துணியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு அலறினார்.

*

அப்போதுதான் கதவு திறந்தது.

டைரக்டர் மேடம்!

காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் போல அந்தக் கருணை.

"மேடம்! நல்ல வேளை வந்தீங்க! இங்க பாருங்க, என்ன கூத்துன்னு! இந்த ஆளைச் செத்தவராக்கி வெளிய கடத்தறாங்க. பழி நம்ம ஊசி மேல!"

மேடம் கட்டிலைப் பார்த்தார். சேர்மனைப் பார்த்தார். திரும்பி... கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டார்.

"முதல் நாளே சொன்னேனேம்மா... பாடியைக் கேக்காதேன்னு."



"மேடம்... நீங்களா?"

"உக்காரு. படிச்ச பொண்ணுதானே, யோசி. நம்ம திட்டத்துக்குக் கை குடுத்த டிரஸ்ட் யாரோடதுன்னு நினைச்சே? இவர் சம்சாரத்தோடது."

"வாசல்ல நிக்கற குளிர் வண்டி?"

"அவங்க குடுத்ததுதான்."

"அன்னிக்கே கேட்டேன். தோள்ல மாட்டற ஐஸ் பெட்டி போதும், எதுக்கு மேடம் இவ்வளவு நீளமா வண்டின்னு. மருந்துக்கு இல்ல... இவர் காலை நீட்டிப் படுக்கறதுக்கு!"

"சாயங்காலத்துக்குள்ள சாம்பல்னு சொல்லிடுவோம். யார் சாம்பல்னு யார் பாக்கப் போறாங்க? டிவிக்காரங்களை நானே வரச் சொல்லியிருக்கேன். வாசல்ல நிக்கறாங்க. 'தடுப்பூசியால் மரணம்'. சத்தமா செத்தாத்தான் சந்தேகம் வராது."

"நான் கொலைகாரி ஆகணும். அவ்வளவுதானே?"

"கவனக்குறைவு. கொலை இல்ல." மேடத்தின் குரல் தேனாக ஒழுகியது. "இப்ப ஒரே ஒரு டோஸ்தான் போட்டிருக்கே. ஒரு டோஸ் எதுக்கும் பத்தாது. அது உனக்கே தெரியும். பழி உன்னோட போச்சுன்னா, கொஞ்ச நாள்ல வேற ஆளை வெச்சு மீதி ரெண்டு டோஸையும் நான் போட வெக்கறேன். நீ வாயைத் திறந்தா திட்டமே காலி. இவர் ஒருத்தர் வெளிய போறதுக்குப் பதிலா இத்தனை பேர் ஈரல் மிஞ்சும். நல்ல பேரம்தானே?"

அவள் யோசித்தாள்.

பொய் சொல்லக் கூடாது... உண்மையிலேயே யோசித்தாள். வெளியே நிற்கிற கைகளெல்லாம் கண் முன்னால் வந்து போயின. பெரியண்ணனின் தழும்பு விழுந்த கையும்தான்.

மேடம் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்கம்மா மாடிப்படி கழுவுற கையோட வந்து என் கால்ல விழுந்து வாங்கின வேலைம்மா இது. மறந்துட்டியா? உன்னை மாதிரி வீட்டுலேருந்து வர்றதுங்களுக்கு டிகிரி வந்துடுது, அடக்கம் மட்டும் வர்றதில்லை."

யோசனையெல்லாம் போயே போச்சு!

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். மருந்து யாரோடது?"

"என்ன?"

"மருந்து அரசாங்கத்தோடது. ஊசி அரசாங்கத்தோடது. எனக்கு சம்பளம் குடுக்கறதும் அரசாங்கம். டிரஸ்ட் என்ன குடுத்துச்சு? பேனர், தொப்பி, பிஸ்கட் பாக்கெட், அப்புறம் ஒரு சவ வண்டி! இதுல எது இல்லன்னா ரெண்டாவது டோஸ் நின்னுபோகும்?"

மூன்று தரப்பும் கூடிய கூட்டங்களில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"அந்தக் கட்டடத்துல செத்தவங்க யாரும் மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கலை மேடம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பாய்ந்தாள். போர்வையைப் பிடித்து ஒரே இழு!

வெயில் கொட்டியது. கம்பிக்கு வெளியே முற்றம்.

"பெரியண்ணே! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க! சேர்மன் எழுந்துட்டாரு! செத்தவரே எழுந்து உக்காந்துட்டாரு, நம்ம ஊசியைப் பாத்து!"

"ஏய்! மூடு ஜன்னலை!" ஜெயிலர் கத்தினார்.

அதற்குள் கம்பி தெரியாத அளவுக்கு முகங்கள்! ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்று பார்த்தான்.

"அட, ஆமாண்டா! சேர்மன்!"

"மூஞ்சில என்னடா பவுடர்?"

"சேர்மன் சார், மேல ரூம் எதுவும் காலியா இல்லையா? திருப்பி அனுப்பிட்டாங்களா?"

சேர்மன் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தார்.

"இப்பப் படுத்து என்னய்யா பிரயோஜனம்?" ஜெயிலர் அழாத குறை. "ஜெயிலே பாத்துடுச்சு! எத்தனை பேர் வாயைய்யா நான் மூடுவேன்?"

பெரியண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"டேய், பாத்தீங்களா? செத்தவனையே எழுப்பற மருந்து! இன்னும் போட்டுக்காதவன் எவன்டா? கையை மடிச்சுக்கிட்டு வந்து நில்லு!"

சட்டைக் கைகள் மேலே ஏறின. நாலு கொலை செய்தவன் முதல் ஆளாக வந்து நின்றான்.

"இன்னியோட உன் வேலை போச்சு," மேடத்தின் குரலில் தேன் தீர்ந்திருந்தது.

"வேலை மட்டுமா?" ஜெயிலர் மூச்சிரைத்தார். "கைதியை ஊசியால குத்த வந்தாள்னு கேஸ் போடறேன். கொலை முயற்சி! இதே ஜெயில்ல உன்னைத் தள்ளலைன்னா பாரு!"

"பிணத்தைக் கொல்ல முயற்சின்னு போடுங்க சார். ஜட்ஜ் படிச்சுட்டு சிரிக்கட்டும்."

டிரஸ்ட் பெயர் போட்ட தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி, துணிக்கு மேல் புடைத்திருந்த தொப்பையின் உச்சியில் வைத்தாள். பெட்டியை மூடித் தோளில் மாட்டினாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஜன்னலில் அத்தனை கண்கள் இருந்தன.

*

பெரிய கேட். காவலர் போனைக் காதில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"மேடம், உங்களை வெளிய விடக் கூடாதுன்னு இப்பத்தான் ஜெயிலர் சொன்னாரு."

"நான் கைதியா?"

"இல்ல..."

"வாரண்ட் இருக்கா?"

"இல்ல..."

"அப்பத் திறங்க. டிவிக்காரங்க வெயில்ல காத்துக்கிட்டிருக்காங்க. சாவு செய்திக்குன்னு இவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பலாமா? பொழச்ச செய்தியாவது குடுக்கறேன்."

காவலர் உள்ளே பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். சுண்டு விரல் நகத்தில் ஊதா மை.

சாவி திரும்பியது. சின்னக் கதவு திறந்தது. அந்தப் பக்கம் கேமராக்கள்.

"மேடம்..." காவலர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ரெண்டு டோஸ் பாக்கி இருக்கு. இவ்வளவுக்கு அப்புறம் நீங்க திரும்ப வருவீங்களா?"

அவள் குனிந்து வெளியே காலை வைத்தாள்.

"கண்டிப்பா வருவேண்ணே! ஊசி போடறவளா வர்றதா, வரிசைல நின்னு போட்டுக்கறவளா வர்றதான்னு மட்டும் உங்க ஜெயிலர் முடிவு பண்ணிக்கட்டும்!"